பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்: வாசகர் கேள்வி–பதில்

பழைய புகைப்பட பிரிண்ட்களின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டு வந்த கடிதங்கள் நிறையவே சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு பழைய படம் இருக்கிறது. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தடித்த அட்டையில் ஒட்டியது, பழுப்பு நிறம், ஓரமெல்லாம் வெளுத்திருக்கிறது. அட்டையின் பின்னால் யாரோ பால்பாயின்ட் பேனாவால் '1894' என்று எழுதியிருக்கிறார்கள். இது நிஜமாகவே அந்த வருடம் போட்ட பிரிண்டா, இல்லை அப்புறம் யாராவது எடுத்த காப்பியா? வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: முதலில் அந்தப் பேனாவையே பார்ப்போம். இன்று நம் கையில் இருக்கிற மாதிரி பால்பாயின்ட் பேனாவுக்கு லாஸ்லோ பிரோ காப்புரிமை எடுத்தது 1938-ல். பரவலாக விற்பனைக்கு வந்தது 1945-க்கு அப்புறம்தான். ஆக, அந்த '1894'-ஐ எழுதியவர் குறைந்தது 40, 50 வருடம் கழித்து எழுதியிருக்கிறார். அவர் தப்பாக எழுதிவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. பெரியவர் யாரோ சொல்லக் கேட்டு, மறந்துபோய்விடக் கூடாதே என்று எழுதி வைத்திருக்கலாம். அதை ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அடுத்து, இதை மட்டும் மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாப் பதில்களும் இதிலிருந்துதான் வரும்: ஒரு படத்துக்கு இரண்டு பிறந்தநாள் உண்டு. நெகட்டிவ் பிறந்த நாள் ஒன்று, அந்த நெகட்டிவிலிருந்து உங்கள் கையில் இருக்கிற தாள் பிறந்த நாள் ஒன்று. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலா எழுந்து நிற்பதை எடுத்த படம் உலகம் முழுக்கத் தெரிந்தது. அதை எந்த வருடம் எடுத்தேன் என்பதில் அவருக்கே குழப்பம் இருந்தது, ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு வருடம் சொல்லியிருக்கிறார். கடைசியில் படத்தில் நிலா நிற்கும் இடத்தை வைத்து வானியல் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டு 1941 நவம்பர் 1 என்று நாளைச் சொன்னார்கள். அது நெகட்டிவின் பிறந்தநாள். அதே நெகட்டிவிலிருந்து அவர் பின்னால் 1,300-க்கும் மேற்பட்ட பிரிண்ட்கள் போட்டிருக்கிறார், அதில் பெரும்பகுதி 1970களில் போட்டது. படத்தில் இருக்கிற நிலாவும் மேகமும் எல்லாத் தாளிலும் ஒன்றுதான், ஆனால் தாள்களுக்கு வயது வேறு வேறு. உங்கள் படத்தில் இருப்பவரின் உடையையும் மீசையையும் நாற்காலியையும் வைத்து 1890கள் என்று ஒருவர் சரியாகவே சொல்லலாம், அது முதல் பிறந்தநாளைத்தான் சொல்லும். இரண்டாவதைத் தாளிடம்தான் கேட்க வேண்டும்.

சரி, தாளிடம் எப்படிக் கேட்பது? பகல் வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, படத்தை ஓரத்தில் மட்டும் பிடித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, முடிந்தால் முப்பது மடங்கு லென்ஸ் ஒன்று, எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் முகத்தின் கன்னப் பகுதியைப் பாருங்கள். வரிசையாகப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது புத்தகத்திலோ பத்திரிகையிலோ அச்சான படம், புகைப்பட பிரிண்டே இல்லை. நிறம் நிறமான மைத்துளிகள் தூவினாற்போல் தெரிந்தால் கம்ப்யூட்டர் பிரிண்டரில் வந்தது. புள்ளி எதுவும் இல்லாமல் சாம்பலும் பழுப்பும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போனால்தான் மேலே போகலாம்.

இப்போது வெளிச்சமான பகுதியை, சட்டைக் காலர் மாதிரி ஒரு இடத்தை, லென்ஸில் பாருங்கள். காகித நார்கள் தெரிகின்றனவா? மெல்லிய பளபளப்பான படலத்துக்கு அடியில், தெளிந்த தண்ணீருக்குள் வேர் தெரிவதுபோல நார்கள் தெரிந்தால், அது பெரும்பாலும் ஆல்புமென் பிரிண்ட். முட்டையின் வெள்ளைக்கருவைப் பூசிய காகிதம் அது. பிரான்சின் பிளாங்க்கார்-எவ்ரார் 1850-ல் அறிமுகப்படுத்தினார், அதற்கப்புறம் நாற்பது வருடத்துக்கு மேல் உலகம் முழுக்க ஸ்டுடியோக்கள் அதைத்தான் பயன்படுத்தின. அந்தக் காகிதம் மிக மெல்லியது, தானே சுருண்டுகொள்ளும், அதனால்தான் தடித்த அட்டையில் ஒட்டினார்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளாகப் போயிருக்கும், படலத்தில் மயிரிழை வெடிப்புகள் வலைபோல ஓடும்.

நார்களே தெரியாமல் மேற்பரப்பு வழவழவென்று அடர்வெள்ளையாக இருந்தால், படலத்துக்கும் காகிதத்துக்கும் நடுவே பேரைட்டா என்கிற பேரியம் சல்பேட் பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் அது ஜெலட்டின் (விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை) படலம் கொண்ட பிரிண்டாகவோ, கொலோடியன் (அமிலத்தில் பதப்படுத்திய பருத்தியைக் கரைத்த பிசின்) படலம் கொண்ட பிரிண்டாகவோ இருக்கும். கொலோடியனாக இருந்தால் படத்தைச் சாய்க்கும்போது எண்ணெய்ப் படலத்தில் தெரிவதுபோல வானவில் நிறங்கள் நெளிவதைச் சில படங்களில் பார்க்கலாம். இந்த வகைக் காகிதங்கள் 1880களிலேயே விற்பனையில் இருந்தன. 1894 என்பது ஆல்புமென் போய்க்கொண்டிருந்த, ஜெலட்டினும் கொலோடியனும் வந்துகொண்டிருந்த காலம். அதனால் உங்கள் படம் மூன்றில் எதுவாக இருந்தாலும் அந்த ஒரு காரணத்துக்காக 1894 தப்பு என்று சொல்ல முடியாது. இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள்.

காப்பியா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. படத்தில் ஒரு கீறலையோ மடிப்புக் கோட்டையோ கண்டுபிடியுங்கள். மேஜை விளக்கைத் தாளின் பக்கவாட்டில், கிட்டத்தட்டத் தாளோடு ஒட்டினாற்போல வைத்து, ஒளி மேற்பரப்பில் சறுக்கிக்கொண்டு போகும்படி செய்யுங்கள். நிஜ மடிப்பாக இருந்தால் அந்த இடத்தில் நிழல் விழும், படலம் உடைந்து உள்ளே காகிதம் தெரியும். மடிப்பு படத்தில் மட்டும் இருக்கிறது, தாள் அந்த இடத்தில் சமமாக இருக்கிறது என்றால், அது வேறொரு பிரிண்டில் இருந்த மடிப்பு. அந்தப் பிரிண்டைக் கேமரா முன் வைத்துத் திரும்பப் படம் எடுத்திருக்கிறார்கள். காப்பியில் கறுப்புக் கோட்டின் பொத்தான்கள் கருமைக்குள் மூழ்கிப்போயிருக்கும், வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் வெளுத்துக் காணாமல் போயிருக்கும். உங்கள் படத்தில் அந்தப் பொத்தான்களை எண்ண முடிகிறதா என்று பாருங்கள்.

அட்டையையும் அளந்து எழுதுங்கள். 1854-ல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் டிஸ்டேரி காப்புரிமை எடுத்த சின்ன அட்டைப் படங்கள் சுமார் 64 × 100 மில்லிமீட்டர், 1860களில் வந்து பின்னால் அவற்றை ஓரங்கட்டிய கேபினெட் அட்டைகள் சுமார் 108 × 165 மில்லிமீட்டர். ஆனால் பழைய அட்டையில் புதுப் படம் ஒட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. அட்டைக்கும் தாளுக்கும் நடுவே பசை ஒரே சீராகப் பிடித்திருக்கிறதா, ஓரத்தில் வேறொரு படம் இருந்து பிய்த்த தடம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அட்டையின் வயதைப் படத்துக்குக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: படம் பழுப்பாக இருந்தால் பழையது என்கிறார்களே?

பதில்: இல்லை. படத்தை உருவாக்கியிருக்கும் வெள்ளியைச் சல்ஃபைடாக மாற்றிப் பழுப்பாக்கும் செபியா டோனிங் இன்றைக்கும் இருட்டறையில் செய்யலாம், அரை மணி நேரம் போதும். தேயிலைத் தண்ணீரில் ஊற வைத்துப் பழமை ஏற்றுகிறவர்களும் உண்டு. அப்படி ஊறிய தாள் முன்னும் பின்னும் ஒரே சாயமாக இருக்கும். தானாக வயதான தாள் அப்படி இருக்காது. வெளிச்சம் பட்ட இடம் ஒரு மாதிரி, சட்டத்துக்குள் மறைந்த ஓரம் ஒரு மாதிரி, பசை பட்ட இடம் இன்னொரு மாதிரி. நிறத்தைவிட அந்த ஒழுங்கின்மையை நம்புங்கள்.

ஜெலட்டின் பிரிண்ட்களில் இன்னொரு நல்ல அடையாளம் உண்டு. படத்தைச் சாய்த்துப் பிடித்தால் கறுப்பான பகுதிகளின் மேல், முக்கியமாக ஓரங்களில், நீலமும் வெள்ளியும் கலந்த ஒரு பளபளப்பு படர்ந்திருக்கும். நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். காற்றில் இருக்கிற மாசும் ஈரமும் வெள்ளித் துகள்களைக் கரைத்து, அந்த வெள்ளி மெல்ல மேற்பரப்புக்கு வந்து திரும்ப உலோகமாகப் படிவதால் வருவது அது. எந்த மூலையிலிருந்து காற்று புகுந்ததோ அங்கிருந்து தொடங்கி உள்ளே போகும். ஆனால் மோசமாகப் பாதுகாத்த படத்தில் சீக்கிரம் வரும், நன்றாகப் பாதுகாத்ததில் வராமலே போகலாம், அதனால் அது இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கேள்வி: 1930களின் படம் என்று சொல்லி ஒருவர் எனக்கு ஒரு பிரிண்ட் கொடுத்தார். யூ.வி. டார்ச் வாங்கி இருட்டில் அடித்துப் பார்த்தேன், நீலமாக ஒளிர்கிறது. அப்படியானால் போலிதானே? கொடுத்தவரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தூக்கமே வரவில்லை.

பதில்: கேட்பதற்கு முன்னால் டார்ச்சைக் கொஞ்சம் சந்தேகப்படுவோம். மலிவாகக் கிடைக்கிற யூ.வி. டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர். அதில் கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சமும் நிறைய வரும், வெள்ளைத் தாள் எதுவானாலும் அதைப் பிரதிபலித்து ஊதா நீலமாகத்தான் தெரியும். இந்தச் சோதனைக்கு 365 நானோமீட்டர் விளக்கு வேண்டும், அதிலும் ஊதாவைத் தடுக்கும் வடிகட்டி பொருத்தியதாக இருந்தால் நல்லது. கண்ணுக்கு யூ.வி. தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிரிண்டின் மேல் சில விநாடிகளுக்கு மேல் அடிக்காதீர்கள்.

நாம் தேடுவது ஒளிர்வூட்டி என்கிற வேதிப்பொருளை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு நீல ஒளியாகத் திருப்பித் தரும், அதனால் மஞ்சளேறிய வெள்ளை நம் கண்ணுக்குப் பளீரென்று தெரியும். துணி சோப்புத்தூளில் இருப்பதும் இதே குடும்பம்தான். புகைப்படக் காகிதங்களில் இது சேர ஆரம்பித்தது 1950களின் தொடக்கத்தில். அதனால் தாள் முழுக்க, முன்னும் பின்னும், ஒரே சீராகப் பிரகாசமான நீலத்தில் ஒளிர்ந்தால், அந்தத் தாள் 1930களில் தயாரானதாக இருக்க முடியாது. பக்கத்தில் ஒரு புதிய ஜெராக்ஸ் தாளையும் 1940-க்கு முன் அச்சான புத்தகத்தின் ஒரு பக்கத்தையும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். புதுத் தாள் எரிகிறாற்போல இருக்கும், பழைய பக்கம் மந்தமாக, பால் கலங்கினாற்போல இருக்கும். ஜெலட்டினும் பசையும் தானாகவே லேசாக ஒளிரும், அந்த மந்தமான ஒளியைக் கண்டு பயப்பட வேண்டாம். அங்கங்கே மயிரிழைபோல மின்னினால் அது உங்கள் சட்டையிலிருந்து விழுந்த நூல், சோப்புத்தூள் உபயம். ஒட்டிய அட்டை ஒளிர்கிறதா, படத்தாளே ஒளிர்கிறதா என்பதையும் பிரித்துப் பாருங்கள், பின்னால் யாராவது புது அட்டை மாற்றியிருக்கலாம்.

இந்தச் சோதனை ஒரு பக்கமாகத்தான் பேசும். ஒளிர்ந்தால் 1950-க்கு அப்புறம் என்று தைரியமாகச் சொல்லலாம். ஒளிராவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் 1950-க்கு அப்புறமும் ஒளிர்வூட்டி கலக்காத காகிதங்கள் தயாராகியிருக்கின்றன.

இந்த ஒரு சோதனை எவ்வளவு பெரிய விஷயத்தைப் புரட்டிப் போட்டது என்றும் சொல்ல வேண்டும். ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளையும், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை எழுப்பிய தொழிலாளர்களையும் படம் எடுத்த லூயிஸ் ஹைன் 1940-ல் இறந்துவிட்டார். அவரே போட்டவை என்று விற்பனைக்கு வந்த பிரிண்ட்கள் சிலவற்றின் மேல் 1990களில் சந்தேகம் எழுந்தது. பின்னால் கையெழுத்தும் முத்திரையும் எல்லாம் இருந்தன. புகைப்படப் பாதுகாப்பு நிபுணர் பால் மெஸியர் காகிதத்தை ஆராய்ந்தபோது ஒளிர்வூட்டி இருந்தது தெரிய வந்தது. இறந்து பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகு தயாரான காகிதத்தில் ஒருவர் எப்படிப் பிரிண்ட் போட முடியும்? நெகட்டிவ் அவருடையது, படம் அவருடையது, தாள் மட்டும் அவருடைய காலத்தது இல்லை.

அதனால் 'போலி' என்ற சொல்லை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். 1930களின் நெகட்டிவிலிருந்து 1960-ல் அந்தக் குடும்பத்தினரே பிரிண்ட் போட்டிருந்தால் அது பிற்கால பிரிண்ட். தெரிந்தே அதை 1930களின் பிரிண்ட் என்று சொல்லிக் கொடுத்தால்தான் ஏமாற்று. கொடுத்தவருக்கே இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். "இது யாரிடமிருந்து வந்தது, நெகட்டிவ் எங்கே இருக்கிறது" என்று சாதாரணமாகக் கேளுங்கள். நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேள்வி: ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் எந்த வருடம், யார் எடுத்தது என்று சொல்லிவிடுவார்களா? கார்பன் டேட்டிங் செய்யலாமா?

பதில்: கார்பன் டேட்டிங், அதாவது பொருளில் மிஞ்சியிருக்கும் கார்பன்-14 அளவை வைத்து வயதைக் கணிப்பது, இதற்கு உதவாது. கடந்த சுமார் 300 வருடத்துக்கு அந்த முறை தெளிவான விடை தராது, புகைப்படமோ 1839-ல்தான் உலகுக்கு அறிமுகமானது. 1950களின் நடுவில் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 தாளில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம், ஆனால் அதற்குத் தாளை வெட்டித் தர வேண்டும். வெட்டாமலே தெரிந்துகொள்ள வேறு வழிகள் இருக்கும்போது எதற்கு?

ஆய்வுக்கூடத்தில் முதலில் செய்வது எக்ஸ்ரே ஒளிர்வு ஆய்வு. பிரிண்டைத் தொடாமலே எக்ஸ்ரேயை ஓரிடத்தில் செலுத்துவார்கள். தாளில் இருக்கிற ஒவ்வொரு தனிமமும் தன் தன் கையெழுத்தில் பதில் அனுப்பும். வெள்ளி வந்தால் வெள்ளி பிரிண்ட். கூடவே பேரியம் வந்தால் பேரைட்டா பூச்சு உண்டு. தங்கம் வந்தால் தங்கத்தில் டோனிங் செய்திருக்கிறார்கள், ஆல்புமென் காலத்தில் அது வழக்கம். வெள்ளி இல்லாமல் பிளாட்டினம் மட்டும் வந்தால் பிளாட்டினம் பிரிண்ட். நீலநிறப் படத்தில் இரும்பு மட்டும் வந்தால் ஹெர்ஷல் 1842-ல் கண்டுபிடித்த சயனோடைப். டைட்டானியம் நிறைய வந்தால், காகிதத்தின் இருபுறமும் பிளாஸ்டிக் பூசிய ரெசின் காகிதமாக இருக்கலாம், அது 1960களின் கடைசியில் வந்தது. ஆனால் எக்ஸ்ரே தாளைத் துளைத்துக்கொண்டு அட்டைக்கும் போகும், அட்டையில் இருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். அதனால் படம் இல்லாத ஓரத்திலும், வெறும் அட்டையிலும் தனித்தனியாக அளந்து கழித்துப் பார்க்காத அறிக்கையை நான் நம்புவதில்லை.

அடுத்து அகச்சிவப்பு ஆய்வு. மேல் படலம் புரதமா (அதாவது முட்டை வெள்ளைக்கருவோ ஜெலட்டினோ), கொலோடியனா, பிளாஸ்டிக்கா என்று அது சொல்லும். அதற்கும் மேலே போனால் நார் ஆய்வு, அதற்கு மட்டும் பின்பக்க ஓரத்திலிருந்து கடுகில் ஒரு சிறு பங்கு அளவு காகிதம் எடுப்பார்கள். சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் பருத்திக் கந்தல் நாரா, மரக்கூழா, மரக்கூழ் என்றால் எந்த வகை மரம் என்று தெரியும். காகித ஆலைகள் கந்தலை விட்டு மரக்கூழுக்கு மாறிய காலம் ஓரளவு தெரியும் என்பதால் அது ஒரு நல்ல கடிகாரம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது ஒப்பிடுவதற்கு நிஜத் தாள்கள் கையில் இருப்பதுதான். மேலே சொன்ன மெஸியர் பல வருடங்களாகப் பழைய, பிரிக்காத புகைப்படக் காகிதப் பொட்டலங்களையும் மாதிரிப் புத்தகங்களையும் தேடிச் சேர்த்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் கொண்ட அந்தத் தொகுப்பு இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஒரு காகிதத்தின் தடிமன், மேற்பரப்பின் சொரசொரப்பு, பளபளப்பு, அடித்தாளின் நிறம், இந்த நான்கையும் அளந்து, தேதி தெரிந்த தாள்களோடு பொருத்திப் பார்க்கிறார்கள். அந்த நான்கையும் நம் கண்ணும் விரலும் ஓரளவு செய்யும், கருவி அதை எண்ணாக்கித் தருகிறது.

இவ்வளவு செய்தும் ஆய்வுக்கூடம் சொல்லக்கூடியது "இந்த வருடத்துக்கு முன்னால் இருக்க முடியாது" என்பதும் "அந்தக் காலத்தோடு ஒத்துப்போகிறது" என்பதும்தான். யார் எடுத்தது என்று வெள்ளிக்கும் பேரியத்துக்கும் தெரியாது. அந்தப் பதில் படம் யார் யாரிடம் இருந்து வந்தது என்கிற கைமாறிய வரலாற்றில்தான் இருக்கிறது, ஆய்வு அறிக்கையும் வரலாறும் ஒன்றோடொன்று முரண்படாமல் நின்றால்தான் எடுத்தவரின் பெயரைச் சொல்லலாம்.

கேள்வி: 'விண்டேஜ்' பிரிண்ட் என்றால் என்ன? பின்னால் புகழ்பெற்ற ஒருவரின் முத்திரை இருந்தால் போதாதா?

பதில்: நெகட்டிவ் எடுத்த சில வருடங்களுக்குள், எடுத்தவரே போட்டதோ அவர் மேற்பார்வையில் போட்டதோதான் விண்டேஜ். ஐந்து வருடம் என்று சிலர் வரம்பு வைக்கிறார்கள், சட்டம் ஒன்றும் இல்லை. 'பழைய பிரிண்ட்' என்ற பொருளில் அந்தச் சொல்லை யாராவது பயன்படுத்தினால் உடனே மறித்துக் கேளுங்கள்.

முத்திரை போதாது. ரப்பர் முத்திரை மேஜையில் கிடக்கும், ஆள் போன பிறகும் கிடக்கும். அதைவிடக் காகிதத் தயாரிப்பாளரின் பின்பக்க அச்சு எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. மங்கலாக, சாய்வாக, வரிசையாகத் தயாரிப்பாளர் பெயர் ஓடும், படத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்தால்தான் சில சமயம் தெரியும். காகிதத் தயாரிப்பு நிறுவனங்களான ஆக்ஃபாவும் கெவார்ட்டும் ஒன்றாகச் சேர்ந்தது 1964-ல். 1920களின் பிரிண்ட் என்று தருகிற தாளின் பின்னால் இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் அதற்கு மேல் லென்ஸே தேவையில்லை. 1990களில் புகைப்படக் கலைஞர் மேன் ரே எடுத்தவை என்று கைமாறிய பிரிண்ட்கள் சிலவற்றிலும் காகிதம்தான் உண்மையைச் சொன்னது, அவர் 1976-ல் இறந்தவர்.

கேள்வி: பழைய ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் படங்களைப் பிய்த்து எடுத்துத் தனித்தனி உறையில் போடலாமா? ஆல்பம் உதிர்ந்துகொண்டே வருகிறது.

பதில்: வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய படங்களைச் சீர்செய்யும் இந்த வேலைக்கு நான் வந்த புதிதில் ஒரு படம் என்னிடம் வந்தது. அட்டை அமிலமேறிப் பழுப்பாகி நொறுங்கிக்கொண்டிருந்தது. அந்த அமிலம் படத்தையும் தின்றுவிடுமே என்று அட்டையைக் கவனமாகச் சீவி எடுத்தேன், படம் ஒரு கீறலும் இல்லாமல் வந்தது, அட்டைத் துண்டுகளைக் குப்பையில் போட்டேன். சில மாதம் கழித்துப் படத்தின் சொந்தக்காரர், அட்டையின் பின்னால் ஏதோ நம்பர் இருந்ததே, அதை வைத்து ஸ்டுடியோ பதிவேட்டில் தேடலாமா என்று கேட்டார். அது ஸ்டுடியோவின் நெகட்டிவ் எண். பதிவேடு கிடைத்தது. எண் என்னிடம் இல்லை. படத்தில் இருக்கிற பெண் யார் என்று இன்றைக்கும் தெரியாது. அதற்கப்புறம் எதையும் பிரிப்பதற்கு முன்னால் முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம், எல்லாவற்றையும் படம் எடுத்து வைக்காமல் நான் கைவைப்பதில்லை, பிரித்த எதையும் எறிவதும் இல்லை.

ஆல்பத்தில் படங்களின் வரிசையே ஒரு தகவல். கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அடையாளம் தெரியாத முகம் அந்த வீட்டு ஆளாக இருக்கலாம், தனி உறைக்குப் போய்விட்டால் அவர் யாரோ ஒருவர் ஆகிவிடுவார். பக்கங்களுக்கு நடுவே அமிலமில்லாத மெல்லிய தாள் செருகி, ஆல்பத்தை அப்படியே ஒரு பெட்டியில் படுக்க வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டும் என்றால் பாலியெஸ்டர் மட்டும், பி.வி.சி. ஆகாது. பின்னால் ஏதாவது எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால், படம் வராத ஓரத்தில், அழுத்தாமல். தண்ணீர்ச் சொட்டு வைத்து ஜெலட்டினா என்று சோதிக்கச் சொல்லும் குறிப்புகளைப் பார்த்திருப்பீர்கள், அதைச் செய்யாதீர்கள், சொட்டு விழுந்த இடம் வீங்கி, காய்ந்த பிறகும் வட்டமாகத் தெரியும்.

கேள்வி: கைமாறிய வரலாற்றை எழுதி வையுங்கள் என்கிறீர்கள். என்னதான் எழுதுவது? எனக்குத் தெரிந்தது "தாத்தா வீட்டிலிருந்து வந்தது", அவ்வளவுதான்.

பதில்: அதையே எழுதுங்கள், ஆனால் முழுதாக. எந்தத் தாத்தா, அவர் இறந்த வருடம், அவர் அறையில் எங்கே இருந்தது, அங்கிருந்து யார் எடுத்து வந்தார், எந்த வருடம் உங்களிடம் வந்தது, கூட என்னென்ன இருந்தன. உங்களுக்கு நேராகத் தெரிந்ததை ஒரு பத்தியிலும் அடுத்தவர் சொல்லக் கேட்டதை வேறு பத்தியிலும் எழுதுங்கள், சொன்னவர் பெயரோடு. இரண்டையும் கலந்துவிட்டால் முப்பது வருடம் கழித்து உங்கள் பேத்தியால் பிரிக்க முடியாது. தெரியாத இடைவெளியை அப்படியே விடுங்கள். "1920 முதல் 1951 வரை எங்கே இருந்தது என்று தெரியவில்லை" என்று எழுதியிருக்கிற ஒரு தாளை, இடைவெளியே இல்லாமல் கோத்திருக்கிற கதையைவிட நான் அதிகம் நம்புவேன். ரசீது, தபால் உறை, ஏலப் பட்டியலின் கிழிந்த பக்கம், சட்டத்தின் பின்னால் ஒட்டியிருக்கிற கடைச் சீட்டு, எது இருந்தாலும் படத்தோடு ஒரே பெட்டியில் இருக்கட்டும்.

கேள்வி: ஒரு பழைய படத்தை ஒரு புத்தகத்துக்குள் வைத்திருந்தார்கள். படம் இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அதே முகம், இடவலம் மாறி, வெளிர் பழுப்பில் லேசாகத் தெரிகிறது. முதலில் கறை என்று நினைத்தேன், அப்புறம் கண்ணும் மூக்கும் தெரிந்ததும் திக்கென்றது. படம் கெட்டுப்போகிறதா?

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், அவ்வளவு சந்தோஷம். படம் கெடவில்லை. அது பிளாட்டினம் பிரிண்டாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. வில்லியம் வில்லிஸ் 1873-ல் காப்புரிமை எடுத்த முறை அது. படம் பிளாட்டினத் துகள்களால் ஆனது, ஜெலட்டின் மாதிரிப் படலம் எதுவும் கிடையாது, காகித நார்களுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பிளாட்டினம் தான் மாறாமல், தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கிற காகிதத்தின் சிதைவை மட்டும் வேகப்படுத்தும். படத்தில் எங்கே கறுப்பு அடர்த்தியோ அங்கே எதிர்ப்பக்கம் அதிகம் பழுப்பாகும், பல வருடம் மூடியே இருந்தால் எதிர்ப்பக்கத்தில் முகமே வந்துவிடும்.

லென்ஸில் பாருங்கள். கறுப்பு நிறம் நார்களோடு நார்களாக இருக்கிறதா, மேற்பரப்பு பளபளப்பே இல்லாமல் இருக்கிறதா, சாய்த்தால் வெள்ளிப் பளபளப்பு துளியும் வராமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் எக்ஸ்ரே ஆய்வுக்குக் கொடுத்து உறுதிப்படுத்தலாம். முதல் உலகப் போர்ச் சமயத்தில் பிளாட்டினம் விலை ஏறி அந்தக் காகிதம் அரிதாகிவிட்டது, அதனால் உறுதியானால் காலத்தையும் ஓரளவு நெருங்கிவிடலாம்.

படத்தை எடுத்து அமிலமில்லாத தாளுக்கு நடுவே வையுங்கள். அந்தப் புத்தகத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். எந்தப் புத்தகம், எத்தனையாவது பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள், முதல் பக்கத்தில் யாராவது பெயரும் தேதியும் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.